மாவட்டம் தாண்டாத சைக்கிள்

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியும். ஏற்றம் ஏறத்தான் தெரியாது. எங்கள் ஊரில் ஏற்றமே இல்லை. பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போது இருக்கையைவிட்டு எழுந்து நின்று மிதிப்போமே, அதுதான் நாங்கள் கண்ட மலை. அப்படிப்பட்ட என்னை ஜேர்மனிக்காரர்கள் கொண்டுபோய் வேசர் ஆற்றுப் பக்கத்து மலைநாட்டில் குடிவைத்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மேடும் பள்ளமும். ஒரு மேட்டில் ஏறி மூச்சுவிட்டால் அடுத்த மேடு எதிரே நின்று சிரிக்கும்.

எண்பத்தைந்தாம் ஆண்டு கோடை அது. நான் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். வேலை செய்யத் தடை. அதைவிட வினோதமான தடை ஒன்றும் இருந்தது: நான் தங்கியிருந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது. தாண்டிப் பிடிபட்டால் தண்டம், விண்ணப்பத்துக்கும் கரும்புள்ளி. நிலவுக்குப் போக நினைத்தால்கூட முதலில் மாவட்ட அலுவலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும் என்று ஹைமில் பகிடி விடுவார்கள். எங்களைத் தங்கவைத்திருந்த விடுதியைத்தான் ஹைம் என்போம்.

இந்த நிலையில், அந்த ஆண்டின் இளவேனிலில், என் அக்கா ஜோசி தன் மகளோடு கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தாள். அத்தான் சவூதியில் வேலை. பிறகு வருவதாக ஏற்பாடு. அக்காவை அனுப்பிய ஹைம், ஆச்சரியமாக, எனக்குப் பக்கத்து மாவட்டத்தில் இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையே சைக்கிளில் ஒரு பகல் தூரம். ஆனால் அவள் அந்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது, நான் இந்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. அனுமதி கேட்கப் போனேன். கையெழுத்து வைப்பவர் விடுமுறையில் போயிருந்தார். மாதக் கடைசியில் வரச் சொன்னார்கள். அதற்கிடையில் அக்காவைத் தெற்கே, பவேரியாப் பக்கம் மாற்றப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. அங்கே போனால் ரயிலில் ஒரு பகல் முழுக்கப் பயணம்.

மருமகள் டிலானியை நான் கடைசியாகப் பார்த்தபோது ஏணையில் கிடந்து கால் உதைத்தாள். இப்போது அவளுக்கு மூன்றரை வயது.

எல்லையைத் தாண்டாமல் எல்லையிலேயே சந்தித்தால் என்ன? இந்த யோசனை எனக்கு வந்ததற்குக் காரணம் முருகேசண்ணை.

அவர் பொள்ளாச்சிக்காரர். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வனவியல் ஆராய்ச்சி. காடுகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று நாடே கவலைப்பட்ட காலம் அது. எங்கள் பக்கத்துக் காட்டு மண்ணைத் தோண்டி எடுத்துப்போக அவர் அடிக்கடி வருவார். எங்கள் சிறுநகரத்துக் கடையில், பையோடு சேர்த்து அவிக்கும் அரிசிப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் ஒரு அரிசியா?" என்று தனக்குள் முணுமுணுத்தார். பின்னால் நின்ற நான், "இல்லை அண்ணை" என்றேன். பெட்டியைக் கீழே போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து சிநேகம். அவரிடம் பத்துக் கியர் உள்ள சைக்கிள், கூடாரம், மாவட்ட வரைபடம், எந்த எல்லையையும் தாண்டக்கூடிய கடவுச்சீட்டு எல்லாம் இருந்தன. என்னிடம் இருந்தது, பழைய சாமான்களைத் தெருவில் வைக்கும் நாளில் பொறுக்கிய பெண்கள் சைக்கிள். முன்னால் கம்பிக்கூடை, பின்னால், பாவாடை சில்லில் சிக்காமல் இருக்கப் பூப்போட்ட வலை.

"எல்லையோரமா ஒரு ரவுண்டு அடிப்போமுங்க" என்றார் முருகேசண்ணை. "அக்கா குழந்தையோட ஈஸியா வந்து சேர்ற மாதிரி ஒரு ஸ்பாட் பிடிச்சுட்டா, சனிக்கிழமை மீட் பண்ணிடலாம்."

புதன்கிழமை காலை புறப்பட்டோம். ஹைமில் இருந்தவர்கள் வாசலுக்கு வந்து, நான் சந்திரமண்டலத்துக்குப் போவதுபோலக் கையசைத்தார்கள். முதலாவது வளைவிலேயே விழுந்தேன். எங்கள் ஊர்ச் சைக்கிளில் பெடலைப் பின்னுக்குச் சுற்றினால் 'கிர்ர்' என்று சும்மா சுற்றும். அலுப்பு வந்தால் அப்படிச் சுற்றுவது எனக்குப் பழக்கம். இந்தச் சைக்கிளிலோ பின்னுக்கு மிதித்தால் அதுதான் பிரேக். பின்சில்லு இறுகி நின்றது. நான் மட்டும் நிற்கவில்லை. நாயோடு நடந்து வந்த ஒரு கிழவர், நாயைப் பார்த்து, "பார்த்தாயா, இவருக்கு உன்னைவிட அவசரம்" என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிவிட்டார்.

முதல் ஏற்றம் கோதுமை வயல்களுக்கு நடுவே போனது. வேலி இல்லை, வரம்பு இல்லை. யாருடைய காணி எங்கே முடிகிறது என்று எப்படித்தான் சண்டை பிடிப்பார்களோ தெரியவில்லை. முருகேசண்ணை கியரை மாற்றிக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஏறினார். நான் பாதியிலேயே இறங்கித் தள்ளத் தொடங்கினேன்.

"என்னங்க, ஜஸ்ட் ஒரு கிலோமீட்டர்தாங்க!"

"அண்ணை, எனக்கு ஏலாது. நீங்கள் போங்கோ. நான் நடந்து வாறன்."

"ஏலாதுன்னா?"

"முடியாது."

"அப்ப முடியாதுன்னே சொல்லலாமுல்ல!"

மேட்டின் உச்சியில் ஒரு மஞ்சள் பலகை நின்றது. அதில் பக்கத்து மாவட்டத்தின் பெயர். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு அருமையான இறக்கம், வளைந்து வளைந்து ஒரு தேவாலயக் கோபுரம் வரை போனது. முருகேசண்ணை இருந்த குஷியில் பலகையைக் கவனிக்கவில்லை. "வ்வா!" என்று கத்திக்கொண்டு அந்த இறக்கத்தில் பறந்துவிட்டார். நான் பலகைக்கு இந்தப் பக்கம் புல்லில் குந்திக் காத்திருந்தேன். கீழே அவர் நிற்பதும், திரும்பிப் பார்ப்பதும், தலையில் கைவைப்பதும் எறும்பு அளவில் தெரிந்தன. திரும்ப ஏறி வந்தபோது அவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வந்தார்.

"ஏலாதுங்க" என்றார்.

அந்த இடம் சரிவராது என்பது தெளிவு. குழந்தையோடு அக்கா அந்த ஏற்றத்தில் ஏறினால், மேலே வந்து என்னோடு பேச மூச்சு மிச்சம் இருக்காது.

மத்தியானம் வீதியோரத்துச் செரி மரங்களின் கீழ் பாணும் வெண்ணெயும் சாப்பிட்டோம். நான் சட்டைப்பையில் கொண்டுதிரியும் மிளகாய்த்தூளைத் தூவினால் வெண்ணெய்ப் பாணும் தொண்டைக்குள் இறங்கும். மரத்தில் செரிப்பழங்கள் குலை குலையாகத் தொங்கின. எட்டிய கிளையில் நாலைந்து பறித்ததுதான் தாமதம், வயலுக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி கையை ஆட்டிக் கத்திக்கொண்டு வந்தார்.  எல்லையைத் தாண்டாதவன் செரிக் களவில் பிடிபட்டேனே என்று நினைத்தேன்.

அவர் கத்தியது வேறு. "கீழ்க்கிளையில் பறிக்காதீர்கள், அது புளிப்பு! இருங்கள், ஏணி கொண்டுவருகிறேன்!"

அன்று பின்னேரம் முழுவதும் அவருடைய மரத்தில் நின்றோம். அவருடைய கணவருக்கு முழங்கால் வருத்தம், பிள்ளைகள் நகரத்தில். பறிக்க ஆளில்லாமல் பழம் முழுவதும் குருவிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெயரைக் கேட்டார். "அன்ரன்" என்றேன். அவர் ஏணியைப் பிடித்த கையை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"உண்மையாகவா? என் அப்பாவின் பெயர் அன்ரன். என் மாமனாரும் அன்ரன். இந்தக் கிராமத்தில் எழுபது வயதுக்குக் குறைந்த அன்ரனை இன்றுதான் பார்க்கிறேன்."

எங்கள் கத்தோலிக்க ஊர்க் கோயில் திருநாளில் 'அன்ரன்' என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள் என்றேன். அவரால் நம்ப முடியவில்லை. இரவு உருளைக்கிழங்கு சூப்பும், வினாகிரியில் ஊறிய வெள்ளரிக்காயும், செரிப்பழம் வைத்துச் சுட்ட கேக்கும் தந்தார். அவருடைய தோட்டத்தில் கூடாரம் அடித்துப் படுத்தோம்.

வியாழக்கிழமை மழை. வரைபடத்தில் எல்லைக்கோடு ஒரு பெரிய காட்டுக்குள் புகுந்து போனது. காட்டுப்பாதை என்றால் ஏற்றம் குறைவாக இருக்கும் என்று முருகேசண்ணை சொன்னார். குறைவாக இருந்தது உண்மை. சேறு இருக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையில் களி அடைத்து, இரண்டு சைக்கிளும் அரைக்கும் ஆட்டுக்கல் மாதிரிச் சத்தம் போட்டன. கொஞ்ச தூரத்தில் என் செயின் அறுந்து பாம்பு மாதிரி விழுந்தது.

பீச் என்னும் காட்டு மரங்கள் வழுவழுவென்று தூண்களாக நின்றன. மழை இலையில் விழும் சத்தம் கேட்கிறது, நம்மேல் விழுவதில்லை. முருகேசண்ணை ஒரு மரத்தடியில் குந்தி மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். "பார்க்க இவ்வளவு பச்சையா இருக்குது, உள்ள மண்ணு அமில மழையில புளிச்சுக் கிடக்குதுங்க" என்றார். சொந்தக்காரர் ஒருவருக்குச் சுகமில்லை என்பதுபோல அதைச் சொன்னார்.

எனக்கு வேறு கவலை. காட்டுக்குள் மஞ்சள் பலகை கிடையாது. பாசி பிடித்த சின்னக் கற்கள்தான் எல்லை. எந்தக் கல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு அடியும் குற்றமாக இருக்கலாம் என்று பட்டது. அப்போது பச்சைச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் எதிரே வந்தார். காட்டு அதிகாரி. கூடவே நனைந்த ஒரு நாய்.

முருகேசண்ணை தன் பல்கலைக்கழக அட்டையை எடுத்து நீட்டினார். அதிகாரி தலையாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மன் மொழியில் நேராகச் சொல்லிவிட்டேன். "நான் எங்கேயும் போகவில்லை. மாவட்டத்துக்குள் இருக்கப் பார்க்கிறேன்."

 அவர் தரையைப் பார்த்தார், ஒரு கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்படியானால் இரண்டு அடி இந்தப் பக்கம் வாருங்கள்" என்றார்.

நான் பாய்ந்து வந்தேன். நாயும் என்னோடு பாய்ந்து வந்தது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்ட துணிவில் அக்காவின் கதை முழுவதையும் சொன்னேன். முருகேசண்ணை இடையிடையே சரியான சொற்களை எடுத்துக்கொடுத்தார். அதிகாரி கேட்டுக்கொண்டே குச்சியால் சேற்றில் ஒரு கோடு இழுத்தார்.

"காட்டை விடுங்கள். ஒரு குழந்தையோடு யார் இங்கே வருவார்? ஆற்றுக்குப் போங்கள். கீழே ஒரு படகுத்துறை இருக்கிறது. எல்லை ஆற்றுக்கு நடுவால் போகிறது. அந்தக் கரையில் பாதை முழுவதும் சமதரை. உங்கள் அக்கா மிதிக்காமலே வந்து சேரலாம்."

இதை ஏன் முதலிலேயே யோசிக்கவில்லை என்று முருகேசண்ணை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வரைபடம் அவர் கையில்தான் இருந்தது.

காட்டிலிருந்து வெளியே வந்த முதல் கிராமத்தில், உழவு இயந்திரம் திருத்தும் கொட்டகையில் செயினைப் பொருத்தித் தந்தார்கள். எதிரே வெதுப்பகம். நனைந்த கோழிகள் மாதிரி நின்ற எங்களுக்கு வெதுப்பகத்துப் பெண் கோப்பியும் சூடான பன்களும் தந்து, "நிலத்தில் சொட்டுகிறீர்கள், அந்த மூலையில் நின்று சொட்டுங்கள்" என்றார்.

அந்தக் கிராமத்து ரெலிபோன் கூண்டிலிருந்து அக்காவின் ஹைமுக்கு எடுத்தேன். நடையில் தொங்கும் ஒரே ரெலிபோன். ஒரு ஈரானியர் எடுத்து, "தமிழ்! தமிழ்! ரெலிபோன்!" என்று கட்டிடம் அதிரக் கத்தினார். செருப்புச் சத்தம் ஓடிவந்தது.

"ஆர், தம்பியோ?"

"ஓம் அக்கா. சனிக்கிழமை ஆத்தடிக்கு வரேலுமே? படகுத்துறை ஒண்டு இருக்கு."

"கடவுளே, சனிக்கிழமையோ! திங்கக்கிழமை எங்களை ஏத்துறாங்களடா. பஸ் வரும், சாமானைக் கட்டுங்கோ எண்டு இண்டைக்குக் காலமைதான் சொன்னவங்கள். நான் உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமல் நிண்டனான்."

கதை உண்மையாகிவிட்டது. கூண்டுக் கண்ணாடியில் மழை வழிந்தது.

"அப்ப எப்பிடியும் வாங்கோ" என்று துறை இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னேன்.

"வாறன். இங்க ஒரு சைக்கிள் நிக்குது. பிள்ளையை முன் கூடைக்குள்ள இருத்திக்கொண்டு வாறன்."

"கூடைக்குள்ளயோ?"

"நீ சும்மா இரு. உன்னை நான் பாரில வைச்சுப் பள்ளிக்கூடம் கொண்டுபோகேல்லையே?"

காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

வெள்ளிக்கிழமை வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. ஆற்றுக்கு இறங்கும் வீதி, மேடு பள்ளமாக இருந்தாலும் மொத்தத்தில் கீழ்நோக்கியே போனது. இறக்கத்தின் ருசி அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. காலை அசைக்காமல், இரண்டு பக்கமும் கோதுமை மஞ்சளாக ஓட, காது நிறையக் காற்றோடு ஒரு இறக்கத்தில் போய், அந்த வேகத்திலேயே அடுத்த ஏற்றத்தின் பாதியைக் கடந்துவிடலாம். மீதிப் பாதியைத்தான் தள்ள வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு அங்குலத்தையும் மிதித்துத்தான் போக வேண்டும். இங்கே கஷ்டப்பட்டு ஏறினால் பாதி வழி ஓசியில் கிடைக்கிறது.

வழியில் முருகேசண்ணையின் பின்சில்லு இரண்டு முறை காற்றுப் போனது. பத்துக் கியர் இருந்தும் ஒட்டுப்போடத் தெரியாது அவருக்கு. நான் ஒட்டுப்போட, அவர் பக்கத்தில் நின்று உற்சாகப்படுத்தினார்.

மரங்களுக்கு இடையே வேசர் தெரிந்தபோது பின்னேரமாகிவிட்டது. அகலமான, அவசரப்படாத ஆறு. கரைக்குக் கரை ஒரு இரும்புக் கம்பி கட்டி, அதில் தொங்கலாகக் கோர்த்த ஒரு தட்டைப் படகு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடுகிற 'பாதை' என்னும் மிதவைப் படகைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அதைத் தள்ள ஆள் வேண்டும். இதற்கு ஆளும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். படகைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் நீரோட்டமே மறுகரைக்குத் தள்ளிவிடும்.

படகுக்காரர் தடித்த மனிதர். வாயில் புகைக்கும் சுங்கான். நாங்கள் சொன்னதைக் கேட்டு முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்தக் கரையில் நீ. அந்தக் கரையில் அக்கா."

"ஓம்."

"நீ அங்கே இறங்கக்கூடாது. அவள் இங்கே இறங்கக்கூடாது."

"ஓம்."

"நாளைக்குக் காலையில் வா" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆற்றங்கரைப் புல்லில் கூடாரம் அடித்தோம். எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

சனிக்கிழமை காலையிலிருந்து மறுகரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சைக்கிளில் குடும்பம் குடும்பமாக ஜேர்மனியர்கள் வந்தார்கள், படகில் ஏறினார்கள், போனார்கள். ஒரே நிறச் சட்டை, ஒரே நிறத் தொப்பி, தண்ணீர்ப் போத்தல். கண்ட இடமெல்லாம் இறங்கி வரைபடத்தை விரித்து, கணவனும் மனைவியும் மெல்லிய குரலில் சண்டை பிடித்தார்கள். அக்காவைக் காணவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. "வழி தப்பியிருப்பாங்களோ?" என்று முருகேசண்ணை கேட்டார். "நான் வேணும்னா அந்தப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வரட்டுங்களா?"

அவர் சைக்கிளை எடுக்கவும், மறுகரையில் ஒரு உழவு இயந்திரம் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பின்பெட்டியில் வைக்கோல் கட்டுகள். அதன் உச்சியில், மஞ்சள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையில் பிள்ளையையும் மறுகையில் ஒரு சைக்கிளையும் பிடித்தபடி, அக்கா.

"தம்பீ!" என்று ஆற்றுக்கு மேலால் கத்தினாள். "ரயர் வெடிச்சிட்டுதடா!"

ஆற்றின் இரு கரையிலும் நின்ற அத்தனை ஜேர்மனியர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

படகுக்காரர் சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "ஏறு" என்றார் என்னிடம்.

"நான் அந்தக் கரையில்..."

"இறங்கச் சொன்னேனா? ஏறு என்றேன். படகு என்னுடையது."

முருகேசண்ணையும் சைக்கிளோடு ஏறினார். படகு மறுகரையைத் தொட்டது. நான் விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பிள்ளையோடு இறங்குதளத்தால் ஓடிவந்து படகில் ஏறினாள்; அவளுடைய சைக்கிளை முருகேசண்ணை போய் எடுத்துவந்தார். கட்டிப்பிடித்தாள், பிறகு தள்ளி நிறுத்தி மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடா இது, சேறு? மெலிஞ்சும் போனாய். சாப்பிட்டனியே?"

மூன்று வருடம் கழித்து முகத்தைப் பார்த்து அவள் கேட்டது இதைத்தான்.  டிலானி தாயின் சேலைக்குப் பின்னால் நின்று, ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள்.

படகு புறப்பட்டது. எங்கள் கரைக்கு வந்தது, அக்கா இறங்கவில்லை. திரும்ப அவள் கரைக்குப் போனது, நான் இறங்கவில்லை. ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். கார்கள் வந்தன, போயின. நாங்கள் நால்வரும் படகுக்காரரின் அறைக்குப் பக்கத்து மரவாங்கில் அமர்ந்து ஆறு முழுவதும் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தோம். முருகேசண்ணைக்கு எந்தக் கரையிலும் இறங்க உரிமை இருந்தது. அவரும் இறங்கவில்லை. காரணம் புட்டு.

அக்கா கோதுமை மாவை அவித்து, கேக்குக்குப் போடும் காய்ந்த தேங்காய்த் துருவலை வெந்நீரில் நனைத்துக் கலந்து, மெல்லிய துணியில் கட்டி அவித்த புட்டு. கத்தரிக்காய்க் குழம்பு. ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுப் பொரியல். மூடியைத் திறந்ததும் படகில் நின்ற ஒரு தம்பதி மெல்லக் காற்று வரும் பக்கமாக நகர்ந்தார்கள்.

"உங்கட பக்கம் புட்டு இருக்கோ தம்பி?" என்று அக்கா முருகேசண்ணையிடம் கேட்டாள்.

"இருக்குதுங்க அக்கா. ஆனா இப்படி இல்லீங்க" என்றார் அவர், மூன்றாம் தரம் வாங்கிக்கொண்டு. சாப்பிட்டுவிட்டு அக்காவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, முதல்நாள் என்னிடம் பார்த்துப் பழகிய வேலையை ரயரில் செய்துபார்த்தார். என் உதவி இல்லாமல் ஒட்டியது அதுதான் முதல் தடவை.

அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். அத்தானின் கடிதம், கிழக்கு பேர்லினில் பிள்ளைக்குக் காய்ச்சல், ஹைமில் ஈரானியப் பெண்களோடு சேர்ந்து சமைப்பது, யார் யார் எங்கே போனார்கள், யார் இல்லை. இல்லாதவர்களைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். படகு கரையைத் தட்டும்போது நிறுத்துவாள், புறப்பட்டதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

பின்னேரம் எங்கள் கரையில் ஒரு பொலிஸ் கார் படகில் ஏறியது.

அக்காவின் கை என் கையைப் பிடித்தது. படகு கரையை விட்டு நகர்ந்தபின் காரிலிருந்து ஒரு பொலிஸ்காரர் இறங்கிச் சோம்பல் முறித்தார். எங்களைப் பார்த்தார். பாத்திரங்களைப் பார்த்தார். நடந்து வந்தார்.

"எந்தப் பக்கம் போகிறீர்கள்?"

 முருகேசண்ணை எழுந்தார். அதற்குள் படகுக்காரர் அறைக்குள்ளிருந்து சொன்னார்: "அவர்கள் எந்தப் பக்கமும் போகவில்லை. காலையிலிருந்து என்னோடு இருக்கிறார்கள். அந்தப் பையன் அந்தப் பக்க மாவட்டத்தில் இறங்கக்கூடாது. அந்தப் பெண் இந்தப் பக்கத்தில். இறங்கவில்லை. நான் சாட்சி."

இப்படிப் போட்டு உடைத்துவிட்டாரே என்று நினைத்தேன். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆற்றின் மேல்பக்கம் பார்த்தார், கீழ்பக்கம் பார்த்தார். டிலானி ஒரு கை புட்டை அவரிடம் நீட்டினாள். அவர் குனிந்து வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் போட்டார்.

"தேங்காய்" என்றார் ஆச்சரியத்தோடு. பிறகு படகுக்காரரைப் பார்த்து, "நான் வீதிப் பொலிஸ். தண்ணீரில் என்ன நடந்தாலும் அது நீர்ப் பொலிஸின் வேலை" என்றார்.

"அவர்கள் சனிக்கிழமை வரமாட்டார்கள்" என்றார் படகுக்காரர்.

"அது எனக்கும் தெரியும்." கார் மறுகரையில் இறங்கிப் போய்விட்டது. நாங்கள் நால்வரும் சிரித்த சிரிப்பில் வாங்கு ஆடியது. அக்கா சிரித்துச் சிரித்துக் கடைசியில் கண்ணைத் துடைத்தாள்.

அதற்குப் பிறகுதான் டிலானி என்னிடம் வந்தாள். படகுக்காரர் கொடுத்த கயிற்றுத் துண்டைக் கொண்டுவந்து, எப்படி முடிச்சுப் போடுவது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த எல்லா முடிச்சும் போட்டுக் காட்டினேன். என் மடியில் ஏறி இருந்தாள். பிறகு அங்கேயே உறங்கிப்போனாள்.

கடைசி ஓட்டம் அக்காவின் கரைக்கு. முருகேசண்ணை அவளோடு ஹைம் வரை போய்விட்டு அடுத்தநாள் வருவதாக ஏற்பாடு. இரண்டு சைக்கிளையும் அவர்கள் இறக்கினார்கள். பிள்ளையை வாங்க அக்கா கை நீட்டினாள். டிலானி நித்திரையிலேயே என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். இழுத்தால் எழும்பி அழுவாள். இறங்குதளம் செங்குத்தாக மேலே ஏறி வீதிக்குப் போனது.

நான் படகுக்காரரைப் பார்த்தேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி நின்று, அணைந்த சுங்கானைப் பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தார். தீக்குச்சி ஒன்றுக்குமேல் ஒன்றாகக் கிழித்தார்.

இறங்கினேன். பிள்ளையைத் தோளில் போட்டபடி மேலே நடந்தேன். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட வந்தாள். வீதியில், கூடைக்குள் மெத்தையாகத் துணி பரப்பி, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து எடுத்து, மெல்ல இருத்தினேன்.

"கவனமாப் போங்கோ அக்கா."

"நீ சாப்பாட்டைக் கவனி. சும்மா பாணைத் தின்னாதை." அவள் ஏறி மிதிக்கத் தொடங்கினாள். சமதரைப் பாதையில், வெயில் சாய்ந்த பக்கமாக, மஞ்சள் சேலை கனநேரம் தெரிந்தது. பக்கத்தில் முருகேசண்ணை தன் பத்துக் கியர் சைக்கிளை அவளுடைய வேகத்துக்கு மெதுவாக்கி ஓடினார். நான் திரும்பி வந்து படகில் ஏறியபிறகுதான் படகுக்காரரின் சுங்கான் பற்றிக்கொண்டது.

திங்கட்கிழமை அவர்களைக் கொண்டுபோய்விட்டார்கள். என் விண்ணப்பத்துக்கு முடிவு வர இரண்டு பனிக்காலம் எடுத்தது. முடிவு நல்லதாக வந்தது. கையில் கிடைத்த கடவுச்சீட்டோடு முதல் ரயிலில் ஏறி, மாவட்டம் மாவட்டமாகத் தாண்டி, ஒரு பலகையையும் பார்த்துப் பயப்படாமல் பவேரியாவுக்குப் போனேன். அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தது டிலானி. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள், திரும்ப என்னைப் பார்த்தாள்.

"மாமா, உங்கட படகை எங்க விட்டிட்டு வந்தனீங்கள்?"